துடுப்புப் படகுகளில் இரவு விளக்கு

துடுப்புப் படகு இரவு விளக்கு என்பது பரிசல், ஓடம், வள்ளம், கட்டுமரம், கயாக் போன்ற இயந்திரம் பூட்டப்படாத சிறு கலங்களில் இருட்டிய பின் செல்வோர் பயன்படுத்தும், நீர் புகாத, நெடுநேரம் எரியக்கூடிய விளக்கைக் குறிக்கும். இவ்விளக்குக்கு இரண்டு வேலைகள் உண்டு. கலம் இருக்கும் இடத்தைப் பிறருக்குக் காட்டுவது ஒன்று. கலத்தில் இருப்பவருக்குக் கைவேலைக்கு வேண்டிய வெளிச்சம் தருவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே விளக்கைக் கொண்டு செய்ய முயல்வதே தவறான தேர்வுகள் பலவற்றுக்குக் காரணமாகும். கடையில் விளக்கு வாங்குவோர் முதலில் பார்ப்பது அதன் ஒளிர்வை. ஆனால் நீரின் மேல் முதலில் கைவிடுவது மின்கலமும் மூடியின் இணைப்புமே ஆகும்.

கொங்கு நாட்டு நீர்நிலைகளில்

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் வடக்கே செல்பவர் துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை ஆகிய ஊர்களைக் கடந்து பவானி ஆற்றை அடைவர். ஆற்றின் மேற்பகுதியில், கோவைக்குக் குடிநீர் தரும் பில்லூர் அணை உள்ளது. கீழே, மோயாறு வந்து கலக்கும் இடத்தை ஒட்டி 1955 இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணை உள்ளது. இந்நீர்த்தேக்கங்களுக்கு உரிய கலம் பரிசல் ஆகும். மூங்கில் பிளாச்சுகளைக் கூடைபோல் வட்டமாகப் பின்னி, முற்காலத்தில் தோலாலும் பிற்காலத்தில் தார் பூசிய சாக்கு, நெகிழித் தாள் ஆகியவற்றாலும் அடிப்புறத்தைப் போர்த்துவர். இப்போது கண்ணாடியிழைப் பரிசல்களும் புழக்கத்தில் உள்ளன.

பில்லூர் நீர்த்தேக்கத்தின் கரையிலுள்ள பரளிக்காட்டில் வனத்துறை நடத்தும் பரிசல் சுற்றுலா பகற்பொழுதுக்கு உரியது. இரவில் நீரில் இருப்பவர்கள் மீனவர்களே. நீர்த்தேக்க மீனவர்கள் செவுள் வலையை மாலையில் விரித்து, விடியும் முன் சென்று எடுப்பது வழக்கம். இடையில் காற்று எழுந்தாலோ, பரிசல் வலையின் மிதவைக் கயிற்றில் சிக்கினாலோ, விளக்கு இல்லாதவர் கரை எந்தப் பக்கம் என்று அறியாமல் நிற்க நேரும்.

இந்நீர்நிலைகளுக்கே உரிய வேறு இரு காரணங்களும் உண்டு. பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் சதுப்பு நில முதலைகள் வாழ்கின்றன. முதலையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் இருப்பதால், கைவிளக்கின் கற்றை பட்டதும் அதன் கண் தணல்போல் மின்னும். முதலைகளைக் கணக்கெடுப்போர் இரவில் செல்வதற்கு இதுவே காரணம். கரையோரங்களில் யானைகள் நீர் அருந்த வருவதும் வழக்கம். யானையின் முகத்தில் பெரிய விளக்கை அடிப்பது எவ்வகையிலும் நன்றன்று. காட்டுப் பகுதிகளில் அது குற்றமாகவும் கருதப்படும். ஆகவே கற்றை விளக்கைத் தேவையான நொடிகளுக்கு மட்டும் எரிப்பதே முறை.

பழைய விளக்குகள்

மின்கல விளக்குகள் பரவும் முன் அரிக்கேன் விளக்கும், வலைத்திரி கொண்ட பெட்ரோமாக்ஸ் விளக்கும் படகுகளில் பயன்பட்டன. அரிக்கேன் விளக்கு காற்றைத் தாங்கும்; ஆனால் சூடேறிய கண்ணாடிக் கூண்டின் மேல் தண்ணீர் தெறித்தால் கண்ணாடி விரிசல் விடும். பெட்ரோமாக்ஸின் ஒளி மிகுதியாக இருந்தாலும், எரிந்து சாம்பலாகி நிற்கும் அதன் வலைத்திரி ஒரு சிறு மோதலிலேயே உதிர்ந்துவிடும். கட்டுமரத்திலோ நிலைமை இன்னும் கடினம். கட்டைகளின் இடுக்கு வழியே நீர் மேலேறி இறங்கிக்கொண்டே இருப்பதால், அதில் வைத்த எப்பொருளும் இரவு முழுவதும் நனைந்தபடியே இருக்கும்.

அடுத்து வந்த இழைக் குமிழ் டார்ச்சு விளக்கு, இரண்டு அல்லது மூன்று துத்தநாக-கரி மின்கலங்களில் சில மணி நேரமே நின்றது. நடு இரவுக்குள் செம்மஞ்சளாகி மங்கிப்போகும் அவ்வொளியைக் கிராமங்களில் வளர்ந்த பலரும் அறிவர். அதன் வெள்ளிநிறத் தகட்டு உடலில் நீர்புகாக் காப்பு என்று எதுவும் இல்லை. அதனை ஒரு நெகிழிப் பையில் இட்டு வாயை இறுகக் கட்டிப் பயன்படுத்துவது எளிய உத்தி. தெறிக்கும் நீருக்கு அது போதும், மூழ்கினால் போதாது.

1993 இல் சூச்சி நாகமுரா ஒளிர்வு மிக்க நீல ஒளிகாலும் இருவாயியை (எல்.ஈ.டி.) உருவாக்கியதும், சில ஆண்டுகளில் அதன்மேல் மஞ்சள் ஒளிரி பூசிய வெள்ளை விளக்குகள் சந்தைக்கு வந்ததும் இந்நிலையை மாற்றின. நீல இருவாயிக்காக இசாமு அகசாக்கி, இரோசி அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இழையும் கண்ணாடிக் குமிழும் இல்லாத இவ்விளக்கு அதிர்ச்சியைத் தாங்கும். ஒரு வாட் மின்திறனுக்கு ஏறத்தாழ 100 லூமன் ஒளி தருவது இன்று எளிய விளக்குகளிலும் காணக்கூடியதே.

எவ்வளவு ஒளி போதும்

1972 இல் ஒப்புக்கொள்ளப்பட்டு 1977 இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுக் கடல்மோதல் தடுப்பு விதிகளின் 25 ஆவது விதி, துடுப்பால் செல்லும் கலங்களைப் பற்றியும் பேசுகிறது. அத்தகைய கலம் பாய்மரக் கலங்களுக்குரிய விளக்குகளைக் காட்டலாம். அவ்வாறு காட்டாவிடில், வெள்ளை ஒளி தரும் மின்கைவிளக்கையோ ஏற்றிய விளக்கையோ கைக்கெட்டும் இடத்தில் ஆயத்தமாக வைத்து, மோதலைத் தவிர்க்கப் போதுமான நேரத்துக்கு முன்பே காட்ட வேண்டும். இது கடற்கலங்களுக்கான விதி. எனினும் நீர்த்தேக்கத்தில் செல்வோருக்கும் இதைவிட எளிய வழிகாட்டி கிடையாது.

பெரிய கலங்களில் இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும் காட்டப்படும். எதிரே வருபவர் இந்நிறங்களைக் கொண்டு கலம் எத்திசையில் செல்கிறது என்று அறிவார். பரிசலுக்கு இம்முறை பொருந்தாது. வட்டமான அதற்கு முகப்பும் இல்லை, பின்புறமும் இல்லை. துடுப்பு வலிக்கும்போதே அது சுழலும். எனவே எல்லாத் திசைகளிலும் தெரியும் ஒற்றை வெள்ளை விளக்கே அதற்குப் பொருத்தமானது. சிவப்பு விளக்கை வெளியே தெரியும்படி மாட்டுவது காண்பவரைக் குழப்பும்.

12 மீட்டருக்குக் குறைந்த கலங்களின் முழுவட்ட விளக்கு 2 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் தொலைவுக்குத் தெரிய வேண்டும் என்பது அவ்விதிகளின் அளவு. அதற்கு வேண்டிய ஒளிச்செறிவு 4.3 கேண்டெலா மட்டுமே. இதனை எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பினாலும் மொத்தம் 54 லூமன் ஆகும். அதாவது அரை வாட் ஒளிகாலும் இருவாயி ஒன்று, தெளிந்த இரவில் பவானிசாகரின் ஒரு கரையில் இருப்பவரை நெடுந்தொலைவுக்கு அறிவித்துவிடும். ஆயிரம் லூமன், இரண்டாயிரம் லூமன் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டு விற்கப்படும் விளக்குகள் இப்பணிக்கு வேண்டியதில்லை.

மிகுந்த ஒளி தேவையற்றது என்பது மட்டுமல்ல, தீங்கும் செய்யும். மனிதக் கண் இருளுக்குப் பழக ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். வெள்ளை ஒளி சில நொடிகள் பட்டாலே அப்பழக்கம் கலைந்துவிடும். தலைவிளக்கு அணிந்தவர் உடன் இருப்பவரைத் திரும்பிப் பார்த்துப் பேசும் ஒவ்வொரு முறையும் அவரைச் சற்று நேரம் குருடாக்குகிறார். மார்கழிப் பனிமூட்டத்தில் வலுவான கற்றையை முன்னே அடித்தால், பனித்துளிகளில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரு வெள்ளைச் சுவராக நின்று மறைக்கும். நீர்ப்பூச்சிகளும் நீலங்கலந்த வெள்ளை ஒளியை நாடி வந்து முகத்தில் மொய்க்கும். இளமஞ்சள் ஒளிக்கு அவ்வளவு வருவதில்லை. கலத்துக்குள் முடிச்சு அவிழ்க்கவும் வலை பார்க்கவும் மங்கலான சிவப்பு ஒளி ஏற்றது. இருளில் பார்க்க உதவும் கண்ணின் கோல் உயிரணுக்கள் நீண்ட அலைநீளச் சிவப்புக்குப் பெரிதும் உணர்வற்றவை என்பதால் இருட்பழக்கம் கெடாது.

ஓர் இரவுக்கான மின்கலக் கணக்கு

பதினோராவது வடக்கு அட்சக்கோட்டை ஒட்டியுள்ள கோவை வட்டாரத்தில், டிசம்பர் மாத இரவு மாலை ஞாயிறு மறைவிலிருந்து மறுநாள் எழுவது வரை ஏறத்தாழ 12½ மணி நேரம் நீடிக்கும். சூன் மாதத்தில் இது 11¼ மணி அளவுக்குக் குறையும். விளக்கைத் தேர்பவர் கொள்ள வேண்டிய அளவு இந்த 12½ மணியே.

மின்கலத்தின் மின்னழுத்தத்தை அதன் ஆம்பியர்-மணி அளவால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். அதனை விளக்கின் வாட் அளவால் வகுத்தால் எரியும் நேரம் தெரியும். அரை வாட் விளக்கு மின்சுற்று இழப்பையும் சேர்த்து 0.6 வாட் இழுப்பதாகக் கொண்டால், ஓர் இரவுக்கு 7.5 வாட்-மணி வேண்டும். 18650 எனப்படும் உருளை வடிவ இலித்தியம்-அயனி மின்கலம் 3.6 வோல்ட்டும் 3 ஆம்பியர்-மணியும் கொண்டதாயின் 10.8 வாட்-மணி தரும். அது ஒன்றே போதும். ஏஏ அளவுள்ள நிக்கல்-உலோக ஐதரைடு மின்கலம் 1.2 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்ற அளவில் 2.4 வாட்-மணி தருவதால் நான்கு வேண்டும். அவசர விளக்குகளில் உள்ள 6 வோல்ட், 4.5 ஆம்பியர்-மணி ஈய-அமில மின்கலம் 27 வாட்-மணி கொண்டது. எடை மிகுதி என்றாலும் பரிசலில் ஏற்றிச் செல்லத் தக்கதே.

இதே 18650 மின்கலத்தை 3 வாட் தலைவிளக்கில் இட்டால் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே நிற்கும். மாலை ஆறரைக்கு ஏற்றியவர் இரவு பத்து மணிக்கெல்லாம் இருளில் இருப்பார்.

அட்டைப்பெட்டியில் உள்ள '100 மணி நேரம்' போன்ற அறிவிப்புகளைக் கூர்ந்து படிக்க வேண்டும். 2009 இல் அமெரிக்காவில் வெளியான எஃப்.எல்.1 என்னும் கைவிளக்குத் தரத்தின்படி, எரியும் நேரம் என்பது விளக்கை ஏற்றி 30 நொடிகளுக்குப் பின் அளந்த ஒளி, அதில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையான நேரம் ஆகும். அந்நேரத்தின் பிற்பகுதி முழுவதும் விளக்கு மின்மினியாகவே எரிந்திருக்கக்கூடும். சீராக்கி மின்சுற்று உள்ள விளக்கு ஒரே அளவு ஒளியை நெடுநேரம் தந்து இறுதியில் சட்டென்று அணையும். சீராக்கி இல்லாதது படிப்படியாக மங்கி முன்னெச்சரிக்கை தரும். முதல் வகையை எடுத்துச் செல்பவர் மாற்று மின்கலமும் கட்டாயம் எடுத்துச் செல்ல வேண்டும். மேலும் கூற்றை நம்புவதைவிட, வாங்கிய விளக்கை ஒருநாள் மாலை வீட்டுத் திண்ணையில் ஏற்றிவைத்து விடியும்வரை விட்டுப் பார்ப்பது எல்லாத் தரச்சான்றுகளிலும் மேலானது.

மின்கல வகையைப் பொறுத்தவரை, காரமின்கலங்கள் நெடுநாள் விளக்கிலேயே கிடந்தால் கசிந்து தொடுமுனைகளை அரிக்கும். மின்னேற்றக்கூடிய நிக்கல்-உலோக ஐதரைடு கலங்களின் பழைய வகைகள் சும்மா இருந்தாலே சில வாரங்களில் பெருமளவு மின்னிறக்கம் அடைந்தன. 2005 இல் அறிமுகமான தாழ் தன்னிறக்க வகைகளில் இக்குறை பெரிதும் நீங்கியது. இலித்தியம்-அயனி கலங்களை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவைத்தல் கூடாது.

நீர்புகாக் காப்பு

பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60529 ஆம் தரம், கருவிகளின் உறைக்காப்பை 'ஐபி' என்னும் எழுத்துகளையும் இரு எண்களையும் கொண்டு குறிக்கிறது. முதல் எண் திண்பொருள், தூசு ஆகியவற்றுக்கும், இரண்டாம் எண் நீருக்கும் உரியவை. தூசுக்காப்பு குறிப்பிடப்படாதபோது முதல் எண்ணின் இடத்தில் 'எக்ஸ்' இடப்படும். ஐபிஎக்ஸ்4 என்பது எத்திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்5, ஐபிஎக்ஸ்6 ஆகியவை பீய்ச்சும் நீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 எனில் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடங்கள் மூழ்கியிருக்கலாம். ஐபிஎக்ஸ்8 அதனினும் கடுமையானது. ஆழத்தையும் நேரத்தையும் தயாரிப்பாளரே குறிப்பிட வேண்டும்.

இவ்வெண்கள் படிக்கட்டு போன்றவை என்று எண்ணுவது பரவலான பிழை. 6 வரைதான் அவை ஒன்றை ஒன்று உள்ளடக்கி ஏறுகின்றன. மூழ்கும் சோதனையில் தேறிய ஐபிஎக்ஸ்7 விளக்கு பீய்ச்சும் நீரையும் தாங்கும் என்று பொருளில்லை. இரண்டிலும் தேறியதாயின் இரு குறியீடுகளும் தரப்பட்டிருக்கும். சோதனை புதிய விளக்கில், அசையாத நன்னீரில் செய்யப்படுகிறது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். நெடுநேரம் எரிந்து சூடான விளக்கு குளிர்ந்த ஆற்றுநீரில் விழுந்தால், உள்ளிருக்கும் காற்று சட்டெனச் சுருங்கி, இணைப்பின் வழியே நீரை உறிஞ்சக்கூடும்.

நீரைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் மூடியின் திருகுப் பள்ளத்தில் அமரும் ஓ-வளையம் என்னும் இரப்பர் வளையமே ஆகும். நீர்மூழ்கி மோட்டார்களுக்குப் பெயர்பெற்ற கோவை வட்டாரத்தில் இதனை விளக்க வேண்டியதில்லை. கிணற்றின் அடியில் ஆண்டுக்கணக்கில் ஓடும் மோட்டாரும், பரிசலில் தொங்கும் விளக்கும் நீர்க்காப்பில் நம்பியிருப்பது நல்ல இரப்பரையும் தூய்மையான பள்ளத்தையுமே. ஒரு தலைமுடியோ மணல் துகளோ வளையத்தின் குறுக்கே கிடந்தால் ஐபிஎக்ஸ்8 விளக்கும் நனையும். வளையத்துக்குச் சிலிக்கோன் பசை பூசுவது நல்லது. பெட்ரோலியக் களிம்பு இயற்கை இரப்பரை ஊதச்செய்து கெடுக்கும். திருகு மூடிக்குப் பதிலாக மின்னேற்றத் துளையை ஓர் இரப்பர்த் தக்கையால் மூடும் விளக்குகளில் அத்தக்கையே பலவீனமான இடம். அடிக்கடி திறந்து மூடுவதால் அதன் விளிம்பு தளர்ந்துவிடும்.

மின்கலத்தை எடுத்துவிட்டு, உள்ளே ஒரு மெல்லிய தாள் துண்டை வைத்து மூடி, வாளி நீரில் ஓர் இரவு அமிழ்த்திவைத்தால் விளக்கின் காப்பு தெரிந்துவிடும். காலையில் தாள் ஈரமாக இருந்தால் அவ்விளக்கு மாட்டுத்தொழுவத்துக்கு உரியது. இரவில் மும்முனை மின்சாரம் வரும்போது வாய்க்காலில் நீர் திருப்பச் செல்லும் உழவர்களுக்கும் இச்சோதனை பயன்படும்.

கடலில் செல்வோர்க்கு உப்பின் அரிப்பு கூடுதல் தொல்லை. அலுமினிய உடலும் வேற்று உலோகத் தொடுமுனையும் உப்புநீரில் சேர்ந்தால் அரிப்பு விரைவாகும். ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவி, நிழலில் உலர்த்துவது வழக்கமாக வேண்டும்.

பொருத்தும் முறை

முழுவட்ட விளக்கு அமர்ந்திருப்பவரின் தலைக்கு மேலே இருத்தல் வேண்டும். விளிம்பில் கட்டினால் அவரது உடலே ஒரு பக்கத்துக்கு ஒளியை மறைத்துவிடும். பரிசலின் விளிம்பில் ஒரு மூங்கில் கோலை நிறுத்தி அதன் உச்சியில் கட்டுவது எளிது. விளக்கின் அடியில் ஒரு தகர வட்டையோ தேங்காய்ச் சிரட்டையோ கவிழ்த்து மாட்டினால் ஒளி கீழே விழுந்து கண்ணைக் கூசச் செய்யாது.

கைவிளக்கைக் கயிற்றால் கலத்தோடு பிணைக்க வேண்டும். உடலோடு இறுகப் பிணைத்தால் கவிழும்போது சிக்கலாகும். மிதக்கும் வகையும், இருளில் கண்டெடுக்க ஏற்ற செம்மஞ்சள் நிறமும் விரும்பத்தக்கவை. சரக்குந்துகளின் பின்புறம் ஒட்டப்படும் ஒளிமீட்சி நாடாவைத் துடுப்பின் இலையிலும் மிதவைச் சட்டையிலும் ஒட்டிக்கொள்வது மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் காப்பு. அதற்கு மின்கலம் வேண்டாம், நீரும் அதனைக் கெடுக்காது. ஆனால் எதிரே வருபவரிடம் விளக்கு இருந்தால்தான் அது தெரியும்.

பிற நாடுகளின் இரவுப் பயணங்கள்

இரவு முழுவதும் துடுப்பு வலிக்கும் போட்டிகள் பல நாடுகளில் நடக்கின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1947 முதல் நடைபெறும் ஓசேபிள் ஆற்றுப் போட்டி கிரேலிங்கில் தொடங்கி ஓசுக்கோடாவில் முடியும். ஏறத்தாழ 193 கிலோமீட்டர் தொலைவை ஓரிரவும் மறுநாளுமாகக் கடப்பர். ஆத்திரேலியாவின் ஆக்சுபரி ஆற்றில் 1977 இல் தொடங்கிய 111 கிலோமீட்டர் இரவுப் பயணத்தில் வேதி ஒளிக்குச்சிகள் பயன்பட்டுள்ளன. ஐதரசன் பேரொட்சைடும் ஓர் ஆக்சலேட்டு எசுத்தரும் கலந்து ஒளிரும் இக்குச்சிகளுக்கு மின்கலமும் இல்லை, நீரால் கெடுதலும் இல்லை. ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் ஒளி மிகுந்து, பின் தேய்ந்துகொண்டே போகும். ஒருமுறைக்கு மேல் பயன்படா. கனடாவில் 1999 முதல் நடக்கும் 715 கிலோமீட்டர் யூக்கான் ஆற்றுப் போட்டி நள்ளிரவிலும் அந்தி ஒளி மறையாத கோடைக்காலத்தில் நடைபெறுவதால், அங்கு இச்சிக்கலே பெரிதாக எழுவதில்லை.

சட்டநிலை

மீனை ஈர்ப்பதற்காக ஒளியைப் பயன்படுத்துவது வேறு, தன் இருப்பைக் காட்ட விளக்கு ஏற்றுவது வேறு. இந்தியத் தனிப் பொருளாதார மண்டலத்தில் எல்.ஈ.டி. முதலான செயற்கை ஒளியைக் கொண்டு மீன்பிடிப்பதை நடுவண் அரசு 2017 நவம்பரில் தடைசெய்தது. பாதுகாப்பு விளக்குகளுக்கு இத்தடை பொருந்தாது. 1917 ஆம் ஆண்டின் உள்நாட்டு நீராவிக் கலங்கள் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2021 ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், இயந்திரமற்ற கலங்களைப் பற்றியும் தனியே கூறுகிறது. காட்டுப் பகுதியில் அமைந்த நீர்த்தேக்கங்களில் இரவில் இறங்க வனத்துறையின் இசைவு தேவை. சுற்றுலாப் பயணிகளுக்கு அது வழங்கப்படுவதில்லை என்று கொள்வதே நலம்.

இவற்றையும் பார்க்க

பரிசல்
கட்டுமரம்
பவானிசாகர் அணை
ஒளிகாலும் இருவாயி
மின்கலம்